மகஜர் கொடுத்த பிறகும் செலவு உண்டு

பாடசாலைக்காகப் பெற்றோர் ஒன்றுகூடி மகஜர் எழுதுவது எமது ஊர்களில் புதிய விடயமல்ல. ஆசிரியர் இல்லை, கூரை இல்லை, சொந்தக் காணிக்குள் போக விடுகிறார்கள் இல்லை என்று எத்தனையோ மகஜர்கள் எழுதப்பட்டுவிட்டன. கையளிக்கும் நாளில் முப்பது நாற்பது பேர் போவார்கள். படமும் எடுப்பார்கள். மூன்று மாதம் கழித்து என்ன நடந்தது என்று விசாரித்தால், "பதில் வரவில்லை, பிறகு போய்க் கேட்க வசதிப்படவில்லை" என்பார்கள். வசதிப்படவில்லை என்றால் பெரும்பாலும் பொருள் ஒன்றுதான். பஸ்ஸுக்குக் காசு இல்லை. ஒரு நாட்கூலியை விட்டுவிட்டுப் போகக்கூடிய ஆளும் இல்லை.

நெல் விதைக்கிறவர் விதைநெல்லுக்கும் உழவுக்கும் மட்டும் காசை வைத்துக்கொண்டு வயலில் இறங்குவதில்லை. பசளை, களை, பன்றிக்குக் காவல், அரிவு வெட்டு, சூடடிப்பு, மூடை கட்டி ஏற்றும் கூலி வரைக்கும் மனக்கணக்குப் போட்டுத்தான் இறங்குகிறார். மகஜர் என்பது விதைப்பு மாத்திரமே. அதற்குப் பின்னால் உள்ள வேலைக்குத்தான் பெரிய செலவு. அந்தச் செலவை முன்கூட்டியே கணக்கிட்டு, சேர்த்து, ஒழுங்காகக் கையாளும் வழியையே இங்கு எழுதுகிறோம்.

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு இது ஏன் அவசரமான விடயம் என்பதை முதலில் பார்ப்போம். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து மக்கள் வெளியேறியபோது அவர்களுடைய பாடசாலைகளும் கூடவே இடம்பெயர்ந்தன. வேறு ஊரில், வேறு பாடசாலையின் வளவில், கொட்டிலில், தமது பழைய பெயரைச் சுமந்துகொண்டு அவை நடந்தன. காங்கேசன்துறை நடேஸ்வராக் கல்லூரி 2016 இல்தான் படையினரிடமிருந்து மீளக் கையளிக்கப்பட்டது. 1990 இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் தானே தாயாகவோ தகப்பனாகவோ ஆகியிருக்கும். இவ்வளவு நீண்ட காலம் ஒரு பாடசாலையின் பெயரைக் காப்பாற்றி வைத்திருப்பது சிறிய காரியமல்ல. இடம்பெயர்ந்த பாடசாலையில் பிள்ளைகளின் தொகை குறைந்தால் அதை மூடுவதும் இன்னொன்றுடன் சேர்ப்பதும் அலுவலகத்துக்கு இலகு. ஊர் திறக்கும்போது பாடசாலை இல்லையென்றால், சிறு பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் திரும்பிப் போகத் தயங்கும். அவர்கள் போகாவிட்டால் வயலும் பற்றையாகவே கிடக்கும். ஆகவே பாடசாலைக்காகப் பேசுவது காணிக்காகப் பேசுவதும்தான்.

எந்தக் கதவைத் தட்டுவது

பிழையான கதவைத் தட்டுவதைப் போன்ற வீண்செலவு வேறு இல்லை. எனவே கணக்கை எழுதத் தொடங்குவதற்கு முன், கேட்கும் விடயம் யாருடைய அதிகாரத்தில் இருக்கிறது என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தின்படி மாகாணப் பாடசாலைகள் மாகாண சபையின் கீழ் வருகின்றன. தேசிய பாடசாலைகள் கொழும்பிலுள்ள கல்வி அமைச்சின் கீழ் இருக்கின்றன. உங்கள் பாடசாலை மாகாணப் பாடசாலை என்றால் ஆசிரியர் நியமனம், இடமாற்றம், கட்டடத் திருத்தம் போன்றவற்றுக்குக் கோட்டம், வலயம், மாகாணம் என்ற வரிசையில்தான் போக வேண்டும். நேரே கொழும்புக்கு எழுதினால், கடிதம் சில மாதங்கள் சுற்றிவிட்டு அதே வலயக் கல்விப் பணிமனையின் மேசைக்கே "தேவையான நடவடிக்கைக்காக" என்று திரும்பி வரும்.

மாகாண சபை என்றால் மக்கள் தெரிந்தெடுத்த உறுப்பினர்கள் இருக்கும் சபை என்றுதான் நாம் நினைக்கிறோம். வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் 2013 செப்டெம்பரில் நடந்தது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடத்தப்படாமல் ஆளுநரும் செயலாளர்களுமே நிர்வாகத்தை நடத்தி வந்தார்கள். சபை இல்லாத காலத்தில் நியதிச் சட்டம் இயற்ற ஆளில்லை; எழுந்து நின்று உங்கள் பாடசாலையைப் பற்றிக் கேள்வி கேட்கவும் உறுப்பினர் இல்லை. அப்படியான காலத்தில் மாகாணக் கல்வி அமைச்சின் செயலாளருக்கும் ஆளுநருக்கும் எழுதுவதோடு, பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவையும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவையும் நாட வேண்டும். இந்தக் கூட்டங்களில் பாராளுமன்ற உறுப்பினர்களும் திணைக்கள அதிகாரிகளும் ஒரே மேசையில் இருப்பார்கள். அங்கே ஒரு விடயம் எடுக்கப்பட்டுக் கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால், அடுத்த கூட்டத்தில் "அது என்னவாயிற்று?" என்று கேட்க இடமிருக்கிறது. பஸ் செலவும் குறைவு. எமது அபிப்பிராயத்தில் பெற்றோர் குழுக்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் கதவு இதுதான்.

பாடசாலைக் காணி படையினரின் வேலிக்குள் இருந்தாலோ, சட்டத்தில் அல்லது நாடு முழுவதற்குமான ஒழுங்குவிதியில் மாற்றம் தேவைப்பட்டாலோதான் பாராளுமன்றம் வரை போக வேண்டிவரும். அங்கே பொது மனுக்கள் பற்றிய குழு ஒன்று உண்டு. அதற்கு நாமாகத் தபாலில் மனு அனுப்ப முடியாது. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஊடாகவே சமர்ப்பிக்க வேண்டும். அவரிடம் மனுவைக் கொடுக்கக் கொழும்பு போகத் தேவையில்லை, உங்கள் மாவட்டத்திலுள்ள அவருடைய அலுவலகம் போதும். இது நீண்ட காலம் எடுக்கும் வழி என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

அரசியலமைப்பின்படி அரச அலுவலகங்களுடன் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை எங்களுக்கு உண்டு. ஆகவே மொழிபெயர்ப்புக்கென்று ஒரு தொகையைக் கட்டாயமாக ஒதுக்க வேண்டியதில்லை. அவசரத்துக்குச் சிங்களப் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்புவது கெட்டித்தனம்தான். ஆனால் அது உங்கள் விருப்பம், கடமையல்ல.

காலத்தைப் பார்த்து விதைத்தல்

அரசாங்கத்தின் நிதியாண்டு தை முதல் மார்கழி வரை. அடுத்த ஆண்டுக்கு என்ன தேவை என்ற மதிப்பீடுகளை அமைச்சுகளும் திணைக்களங்களும் ஆண்டின் நடுப்பகுதியில் தயாரிக்கத் தொடங்குகின்றன. வழமையான ஆண்டுகளில் ஐப்பசி, கார்த்திகை அளவில் வரவுசெலவுத் திட்டம் பாராளுமன்றத்துக்கு வரும். பிறகு ஒவ்வோர் அமைச்சின் நிதி ஒதுக்கீடும் குழுநிலையில் விவாதிக்கப்படும். தேர்தல் வந்தால் இது தடுமாறும். 2024 இல் இரண்டு தேர்தல்கள் நடந்ததால் 2025 ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் 2025 பெப்ரவரியில்தான் சமர்ப்பிக்கப்பட்டது.

கட்டடம் வேண்டும் என்று கார்த்திகையில் மகஜர் கொடுத்தால், அந்த ஆண்டின் காசு முடிந்திருக்கும். வரும் ஆண்டின் கணக்கும் எழுதப்பட்டிருக்கும். வைகாசி, ஆனியில் கொடுத்தால் மதிப்பீட்டில் ஏற இடமுண்டு. கமக்காரருக்கும் இதுதான் வசதி. காலபோக அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் கையில் கொஞ்சம் காசு புழங்கும். அப்போது நிதியைச் சேர்க்கத் தொடங்கி, தகவல்களைத் திரட்டி, கையெழுத்து வாங்கி, ஆனிக்கு முன் மகஜரைக் கொடுக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் மழையும் விதைப்பும் வந்துவிடும். ஒருவரும் பயணம் போக மாட்டார்கள். அந்த நேரத்துக்கு ஒரேயொரு வேலையை மட்டும் மிச்சம் வையுங்கள். கல்வி அமைச்சின் குழுநிலை விவாதத்தில் உங்கள் பாடசாலையைப் பற்றிக் கேட்கும்படி பாராளுமன்ற உறுப்பினருக்கு ஒரு பக்கக் குறிப்பு அனுப்புவதுதான் அது. அதற்கு ஒரு தபால் முத்திரை போதும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கிராமப் பாடசாலையை நினைத்துக்கொள்வோம். 64 குடும்பங்கள். 40 குடும்பங்கள் ஊர் திரும்பிவிட்டன; 24 குடும்பங்கள் இன்னும் உறவினர் வளவுகளிலும் வாடகை வீடுகளிலும் இருக்கின்றன. பாடசாலை இன்னும் தற்காலிகக் கொட்டிலில் நடக்கிறது. சொந்த இடத்தில் நிரந்தரக் கட்டடம் வேண்டும் என்பது கோரிக்கை. கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக நாம் போட்டவை. உங்கள் ஊர் பஸ் கட்டணத்தையும் கூலியையும் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலாவது செலவு தகவல். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பாடசாலைக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆசிரியர் ஆளணி எவ்வளவு, இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், கட்டடம் எந்த ஆண்டின் திட்டத்திலாவது சேர்க்கப்பட்டதா என்று எழுத்தில் கேட்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவைத் தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். "எங்கள் பாடசாலை மோசமான நிலையில் உள்ளது" என்று எழுதும் மகஜரைவிட, அவர்களுடைய கோவையிலிருந்தே எடுத்த எண்ணிக்கையைக் காட்டும் மகஜருக்குப் பலம் அதிகம். பிரதிக்கும் பதிவுத் தபாலுக்கும் 1,200 ரூபா வைப்போம். மகஜரைத் தட்டச்சு செய்யவும் பன்னிரண்டு பிரதி எடுக்கவும் 2,400 ரூபா.

அடுத்தது கையெழுத்து. ஊரில் உள்ளவர்களிடம் ஒரு மாலையில் வாங்கிவிடலாம். சிதறியிருக்கும் 24 குடும்பங்களைத் தேடிப் போவதுதான் வேலை. அவர்களை விட்டுவிட்டால் "ஊரில் நாற்பது குடும்பந்தானே, அதற்கு எதற்குப் புதுக் கட்டடம்?" என்ற கேள்வி வரும். இரண்டு பேர் நான்கு நாள், ஆளுக்கு நாளுக்கு 500 ரூபா என்றால் 4,000.

வலயப் பணிமனைக்குக் கையளிக்க ஒரு முறை, விசாரிக்க நான்கு முறை. ஐந்து பயணம், இரண்டு பேர், ஆளுக்கு 400 ரூபா வீதம் 4,000. மாகாண அமைச்சுக்கு மூன்று பயணம், ஆளுக்கு 1,000 வீதம் 6,000. கொழும்புக்கு ஒரு முறை போக நேர்ந்தால், இரவு பஸ்ஸில் போய் இரவு பஸ்ஸில் திரும்பினால் தங்கும் செலவு இல்லை. இரண்டு பேருக்குப் பயணமும் சாப்பாடும் 12,000. தொலைபேசிக்கு 1,500.

இப்போது, பெரும்பாலான குழுக்கள் எழுதாமல் விடும் செலவுக்கு வருவோம். மேலே சொன்ன பயணங்களில் கையெழுத்துக்கு 8, வலயத்துக்கு 10, மாகாணத்துக்கு 6, கொழும்புக்கு 4 என்று மொத்தம் 28 ஆள்நாட்கள் போகின்றன. போகிறவர்களில் பாதிப் பேர் நாட்கூலிக்குப் போகிறவர்கள் என்றால் 14 நாட் கூலி இழக்கப்படுகிறது. நாளுக்கு 1,500 ரூபா வீதம் ஈடுசெய்தால் 21,000.

எல்லாவற்றையும் கூட்டினால் 52,100. எதிர்பாராத செலவுக்குப் பத்தில் ஒரு பங்காக 5,200 சேர்த்தால் 57,300 ரூபா. கடதாசி, பிரதி, தபால் எல்லாம் சேர்ந்து இதில் 3,600 மட்டுமே. கூலி ஈடு மட்டும் 21,000. கூலியைக் கணக்கில் எழுதாத குழுவில் என்ன நடக்கிறது? வசதியுள்ளவர்களும் ஓய்வூதியக்காரருமே ஒவ்வொரு முறையும் போகிறார்கள். கூலிக்குப் போகும் தாய்மாரின் குரல் அலுவலகத்துக்குள் போவதேயில்லை. கணவனை இழந்து தனியே குடும்பத்தை நடத்தும் பெண்கள் எமது ஊர்களில் எத்தனை பேர் என்பது உங்களுக்குத் தெரியும். கூலி ஈடு கொடுப்பதைச் சிலர் "சமூக வேலைக்குச் சம்பளமா?" என்று கேட்பார்கள். அது சம்பளம் அல்ல. அன்றைய அடுப்பு எரிய வேண்டிய காசு.

இந்தத் தொகை பயமுறுத்தும். ஆனால் 64 குடும்பங்கள் மாதம் 100 ரூபா வீதம் ஒன்பது மாதம் போட்டால் 57,600 ரூபா சேர்ந்துவிடும். மேலும், கொழும்புப் பயணத்துக்கான 12,000 ரூபாவையும் அதற்கான கூலி ஈடு 3,000 ரூபாவையும் தனியே எழுதி, கீழுள்ள கதவுகள் மூடப்பட்ட பின்னரே தொடுவது என்று தீர்மானித்துக்கொண்டால், உடனடித் தேவை 42,300 ஆகிறது. முதற் பயணத்துக்கு முப்பது பேரை வாகனம் பிடித்து ஏற்றிச் செல்லும் வழக்கத்தை நாம் ஊக்குவிப்பதில்லை. அந்த ஒரு நாள் வாகனக் கூலியில் இரண்டு பேர் எத்தனையோ தடவை போய் விசாரித்து வரலாம்.

விசாரிக்கப் போகிறவர்கள் வெறுங்கையோடு திரும்பக் கூடாது. "பார்ப்பம், போட்டு வாங்கோ" என்ற பதிலுக்கும் ஒரு திகதி உண்டு. யாரைக் கண்டோம், என்ன சொன்னார், அடுத்து எப்போது வரச் சொன்னார் என்று கொப்பியில் எழுதிவிட்டுத்தான் பஸ் ஏற வேண்டும். பயணக் காசு கொடுக்கும்போது பொருளாளர் அந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும்.

காசு யாருடையது, யார் கையில்

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் காசை இதற்கு எடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே எமது ஆலோசனை. அந்தச் சங்கத்துக்கு அதிபரே தலைவர். அவரும் ஆசிரியர்களும் அரச உத்தியோகத்தர்கள். தாபனக் கோவை அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. திணைக்களத்துக்கு எதிராகக் கேட்கப்படும் மகஜரின் செலவு அந்தக் கணக்கில் ஏறினால், கணக்காய்வில் விளக்கம் சொல்ல வேண்டியவர் அதிபர். அவருக்கு இடமாற்றம் வந்தால் நட்டம் பிள்ளைகளுக்குத்தான். பெற்றோர் மட்டும் கூடி ஒரு குழுவை அமைத்து, தனிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் ஆலோசனை சொல்லட்டும். கையெழுத்தும் காசும் பெற்றோருடையதாக இருக்கட்டும்.

இப்படிப் பிரித்து வைப்பது எங்களுடைய பயத்தினால் வந்த ஏற்பாடு மட்டுமல்ல. அமெரிக்காவில் 1897 இல் தொடங்கிய பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஆரம்பம் முதலே பிள்ளைகளுக்கான சட்டங்களைக் கேட்டு வாதாடி வந்துள்ளது. அங்கும் வரிவிலக்குப் பெற்ற சங்கங்கள் சட்டசபைகளில் வாதாடுவதற்கு அளவோடுதான் செலவிடலாம். 1976 இல் வந்த விதியைத் தெரிவுசெய்யும் சங்கம், தனது செலவில் முதல் ஐந்து இலட்சம் டொலருக்கு 20 வீதம் வரை இதற்குச் செலவிடலாம். தேர்தல் வேட்பாளரை ஆதரிக்க ஒரு சதமும் எடுக்க முடியாது. அதனால் அங்குள்ள சங்கங்களும் இந்தச் செலவைத் தனியே எழுதி வைக்கின்றன.

வேட்பாளர் விடயத்தில் நாங்களும் அப்படியே இருப்பது நல்லது. தேர்தல் காலத்தில் வாகனமும் சாப்பாடும் தர ஆட்கள் வருவார்கள். ஒரு கட்சியின் வாகனத்தில் போய் இறங்கினால், அடுத்த கட்சி வென்றதும் உங்கள் மகஜர் அந்தக் கட்சியின் மகஜராகிவிடும். எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் ஒரே பிரதியைக் கொடுங்கள், பஸ்ஸில் போங்கள்.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர்கள் முழுத் தொகையையும் அனுப்புகிறோம் என்று சொல்லக்கூடும். நன்றி சொல்லி ஒரு பங்கை வாங்கலாம். ஆனால் பெரும்பங்கு ஊர்க் குடும்பங்களுடையதாக இருக்க வேண்டும். "உங்களை யார் அனுப்பியது?" என்று அதிகாரி கேட்கும்போது, அறுபத்துநான்கு வீட்டின் பெயர் உள்ள கொப்பியைக் காட்டுவதற்கு ஈடாக எதுவும் இல்லை. காசாகத் தர முடியாத வீடு அறுவடையில் சில கொத்து நெல் தரட்டும். பிடியரிசி சேர்க்கும் மாதர் சங்கம் உள்ள ஊரில் அதன் வழியாகவும் சேர்க்கலாம். நெல்லை விற்ற தொகையை அன்றைய விலையோடு எழுதிவிடுங்கள்.

சேமிப்புக் கணக்கு இரண்டு கையெழுத்தில் இருக்கட்டும். ஒன்று பெண்ணினுடையதாக இருப்பது நல்லது. பற்றுச்சீட்டு கிடைக்காத செலவுக்கு, அதாவது பஸ், ஓட்டோ, தேநீர் போன்றவற்றுக்கு, போன இருவரும் கையெழுத்திட்ட சிட்டை போதும். அலுவலகத்தில் யாருக்காவது "சந்தோசத்துக்கு" கொடுத்த காசு என்று ஒரு சிட்டை வந்தால் குழு அதை ஏற்கக் கூடாது. 2023 ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டப்படி இலஞ்சம் வாங்குவது போலவே கொடுப்பதும் குற்றம். மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்யவும் காசு கட்டத் தேவையில்லை. கட்ட வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மாதம் ஒரு முறை கணக்கை வாசியுங்கள். ஊரில் இல்லாத குடும்பங்களுக்கு அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படமெடுத்து அனுப்பலாம். மகஜரின் மூலப் பிரதி, பதிவுத் தபால் துண்டு, அலுவலக முத்திரை பதித்த பிரதி ஆகியவற்றை இரண்டு வீடுகளில் பிரித்து வையுங்கள். உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம், கூப்பன் மட்டை எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, ஓடும்போது அந்தப் பெட்டியைத் தவறவிட்ட குடும்பங்கள் எம்மிடையே நிறைய உண்டு.

கேட்ட காரியம் கொழும்பு வரை போகாமலே நடந்துவிட்டால் 15,000 ரூபா மிஞ்சும். அதைப் பிரித்துக் கொடுப்பதா, அடுத்த கோரிக்கைக்கு வைப்பதா என்பதைக் காசு சேர்க்கும் முதற் கூட்டத்திலேயே தீர்மானித்துக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிவிடுங்கள். கட்டடம் அனுமதிக்கப்பட்டாலும் அத்திவாரம் வெட்டும் வரை விசாரிப்புப் பயணங்கள் இருக்கும் என்பதால், ஓர் ஆண்டுக்காவது அந்தத் தொகையை வங்கியிலேயே விட்டுவைக்கலாம்.